கல்லூரியில் சேர்ந்தோரும் முடித்தோரும்: இடைநிற்றல் கணக்கை எப்படிப் படிப்பது?

2023 டிசம்பரில் மக்களவையில் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு அப்போதைய மத்தியக் கல்வித் துறை இணையமைச்சர் சுபாஸ் சர்க்கார் அளித்த பதில், ஒரு பெரிய எண்ணைப் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றில் படித்த பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களில் 13,626 பேர் படிப்பை முடிக்காமல் வெளியேறியிருந்தனர். மத்தியப் பல்கலைக்கழகங்களில் 9,642 பேர், ஐஐடிகளில் 3,542 பேர், ஐஐஎம்களில் 442 பேர். உயர்கல்வி நிறுவனங்களில் நிலவும் சாதிப் பாகுபாட்டுக்கு இது சான்று என்று ஒரு தரப்பு வாதிட்டது. மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, அவர்கள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கும் ஒரு படிப்பிலிருந்து இன்னொன்றுக்கும் மாறிக்கொள்கிறார்கள் என்பது அரசின் விளக்கமாக இருந்தது.

இவ்விரண்டில் எது எந்த அளவுக்கு உண்மை என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுசெய்ய இயலாது. எத்தனை பேர் சேர்ந்து அவர்களில் இத்தனை பேர் வெளியேறினார்கள் என்ற மொத்தம் அதில் இல்லை. பொதுப்பிரிவு மாணவர்கள் எந்த விகிதத்தில் வெளியேறினார்கள் என்ற ஒப்பீடும் இல்லை. வெளியேறியவர்கள் அடுத்து எங்கே போனார்கள் என்ற விவரமும் இல்லை. கடைசியாகச் சொன்னது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2019இல் வெளியான இன்னொரு கணக்கு உதாரணம். இரண்டு ஆண்டுகளில் ஐஐடிகளிலிருந்து 2,461 மாணவர்கள் வெளியேறியதாக நாடாளுமன்றத்தில் அப்போது தெரிவிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்கள். பொதுத்துறை நிறுவனங்களில் வேலை கிடைத்ததால் விலகியதும் முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கூறப்பட்டது. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியாளராகச் சேர்ந்த எம்.டெக். மாணவரும், முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் தோற்று விடுதியைக் காலிசெய்துவிட்டு ஊர் திரும்பிய பி.டெக். மாணவரும் அந்தப் பட்டியலில் ஒரே கட்டத்தில்தான் இடம்பெறுகிறார்கள்.

எனவே இடைநிற்றல் பற்றிய எந்தச் செய்தியையும் புரிந்துகொள்ள, முதலில் எதை எதனால் வகுத்திருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

நான்கு அளவுகோல்கள்

1. மொத்த மாணவர் சேர்க்கை விகிதம். ஓர் ஆண்டில் உயர்கல்வியில் பதிவாகியிருக்கும் அனைவரையும், அவர்களின் வயது எதுவானாலும், 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையால் வகுத்து, நூறால் பெருக்கினால் கிடைப்பது. செய்தித்தாள்களில் அதிகம் வருவது இதுதான். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி 2021-22இல் இந்தியாவுக்கு இது 28.4; தமிழ்நாட்டுக்கு 47.

2. தக்கவைப்பு விகிதம். ஒரு கல்லூரியில் முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இரண்டாம் ஆண்டிலும் அதே கல்லூரியில் தொடர்கிறார்கள் என்பதைச் சொல்வது. வெளியேற்றம் முதலாண்டில்தான் மிகுதி என்பதால் இந்த அளவு முன்னெச்சரிக்கையாகப் பயன்படுகிறது.

3. நிறைவு விகிதம். ஒரே ஆண்டில் ஒன்றாகச் சேர்ந்த ஒரு தொகுதியினரில் எத்தனை விழுக்காட்டினர் குறித்த காலத்துக்குள் பட்டம் பெற்றார்கள் என்பது.

4. இடைநிற்றல் விகிதம். மேலோட்டமாகப் பார்த்தால் நூறிலிருந்து நிறைவு விகிதத்தைக் கழித்தால் இது வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் பட்டம் பெறாத எல்லோரும் இடைநின்றவர்கள் அல்லர். சிலர் வேறு கல்லூரிக்கு மாறியிருப்பார்கள், சிலர் இன்னும் படித்துக்கொண்டிருப்பார்கள், சிலர் வகுப்புகளை முழுமையாக முடித்துவிட்டு ஓரிரு தாள்களை எழுதித் தேர்ச்சிபெறக் காத்திருப்பார்கள்.

முதல் அளவுக்கும் மூன்றாம் அளவுக்கும் உள்ள வேறுபாடு இந்த விவாதத்தின் அடித்தளம். ஒரு பேருந்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவது சேர்க்கை விகிதம். புறப்பட்ட இடத்தில் ஏறியவர்களில் எத்தனை பேர் தாங்கள் போகவேண்டிய ஊர் வரை போனார்கள் என்று எண்ணுவது நிறைவு விகிதம். வழியில் பாதிப்பேர் இறங்கிவிட்டு, வேறு பாதிப்பேர் ஏறிக்கொண்டால் முதல் எண் மாறாது. இன்னும் விசித்திரமாக, மூன்றாண்டுப் படிப்பை நான்காண்டுகள் படிக்கும் மாணவர், ஓர் ஆண்டு கூடுதலாகக் கணக்கில் இருப்பதால், சேர்க்கை விகிதத்தை உயர்த்தவே செய்கிறார். தொலைநிலைக் கல்வியில் பதிவுசெய்துவிட்டுத் தேர்வெழுதாமல் இருப்பவரும் பதிவு நீடிக்கும் வரை அந்த எண்ணிக்கைக்குள்தான் இருக்கிறார்.

51.4 எப்படி 47 ஆனது?

தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 2019-20 அறிக்கையில் 51.4 என்று இருந்தது; 2021-22 அறிக்கையில் 47 என்று வந்தது. இதைப் பார்த்துப் பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்கள் பெருமளவில் கல்லூரியை விட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. உண்மையில் மாறியது வகுக்கும் எண். பழைய அறிக்கைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீட்டைப் பயன்படுத்தின. 2020-21 அறிக்கையிலிருந்து 2011 கணக்கெடுப்பின் அடிப்படையிலான மதிப்பீடு பயன்படுத்தப்படுகிறது. புதிய மதிப்பீட்டின்படி 2020-21இல் தமிழ்நாட்டின் விகிதம் 46.9. அதோடு ஒப்பிட்டால் 2021-22இன் 47 என்பது வீழ்ச்சியே அல்ல. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகும்போது இதே குழப்பம் மறுபடியும் வரும்.

அதே ஆய்வறிக்கையில் உள்ள இன்னொரு எண்ணும் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. 2021-22இல் நாடு முழுவதும் உயர்கல்வியில் இருந்தவர்கள் சுமார் 4.33 கோடிப் பேர். அந்த ஆண்டில் தேர்ச்சிபெற்று வெளியேறியவர்கள் சுமார் 1.07 கோடிப் பேர். இரண்டையும் வகுத்து, நான்கில் ஒருவர்தான் படிப்பை முடிக்கிறார் என்று எழுதுவது பிழை. 4.33 கோடியில் ஓராண்டுப் பட்டயம் படிப்பவரும் ஐந்தரை ஆண்டு மருத்துவம் படிப்பவரும் கலந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டில் முடிக்கவேண்டிய கட்டத்திலேயே இல்லை. நிறைவைக் கணக்கிட ஒரே தொகுதியினரை ஆரம்பத்திலிருந்து இறுதிவரை பின்தொடரவேண்டும். அகில இந்திய ஆய்வறிக்கை அதைச் செய்வதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு குறிப்பிட்ட தேதியின் நிலவரத்தைப் படம்பிடிப்பதோடு நின்றுவிடுகிறது.

பின்தொடரும் முறை

ஒரு தொகுதியைப் பின்தொடரும் முறையைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கிய நாடு அமெரிக்கா. 1990இல் இயற்றப்பட்ட, மாணவரின் அறியும் உரிமை பற்றிய சட்டம், அரசின் மாணவர் நிதியுதவியில் பங்குபெறும் கல்லூரிகள் தங்கள் நிறைவு விகிதத்தை வெளியிடவேண்டும் என்றது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்று விளையாட்டு. ஆட்டக்காரர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டு, அணிக்காக ஆடவைத்துவிட்டுப் பட்டமில்லாமல் அனுப்பிவிடுகிறார்கள் என்ற குறை வலுத்திருந்த காலம் அது.

அந்தச் சட்டம் வகுத்த கணக்கு முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரமாகச் சேர்ந்தவர்கள் ஒரு தொகுதியாகக் கொள்ளப்படுகிறார்கள். படிப்பின் இயல்பான காலத்தைப்போல் ஒன்றரை மடங்கு அவகாசம், அதாவது நான்காண்டுப் பட்டத்துக்கு ஆறாண்டுகள், தரப்படுகிறது. 2014இல் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் 64 விழுக்காட்டினர் ஆறாண்டுகளுக்குள் தாங்கள் சேர்ந்த கல்லூரியிலேயே பட்டம் பெற்றனர். செல்வம் மிகுந்த ஒரு நாட்டில், அவகாசம் தந்த பிறகும், மூன்றில் ஒருவருக்கு மேல் அதே கல்லூரியில் முடிப்பதில்லை. சிறிது காலம் கல்லூரியில் படித்துவிட்டு எந்தச் சான்றிதழும் இல்லாமல் விலகிய அமெரிக்கர்களின் எண்ணிக்கை சுமார் 4 கோடி.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. பகுதிநேரமாகப் படிப்பவர்களும் பாதியில் வேறு கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் தொகுதிக்கு வெளியே நிற்கிறார்கள். வேறு கல்லூரிக்கு மாறிச்சென்று அங்கே பட்டம் பெற்றவர், முதல் கல்லூரியின் கணக்கில் முடிக்காதவராகவே பதிவாகிறார். கல்லூரிகளுக்கு இடையிலான நகர்வையும் தொடரும் தேசிய மாணவர் தரவு மையம் ஒன்று பின்னர் உருவானதால்தான் இடமாற்றத்தையும் இடைநிற்றலையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. நம் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன 'மாணவர்கள் மாறிக்கொள்கிறார்கள்' என்ற விளக்கத்தைச் சோதிக்க இப்படிப்பட்ட ஒரு பதிவுதான் தேவை.

அரியர் என்னும் இடைநிலை

அமெரிக்க முறையை அப்படியே எடுத்துவந்து இங்கே பொருத்திவிட முடியாது. நம்மிடம் அரியர் இருக்கிறது. ஒரு பருவத்தில் சில தாள்களில் தோற்றாலும் மாணவர் அடுத்த பருவத்துக்குப் போகிறார், அடுத்த ஆண்டுக்கும் போகிறார், கடைசி ஆண்டு வகுப்புகளையும் முடித்துவிடுகிறார். ஆனால் பட்டம் கைக்கு வருவதில்லை. முதலாண்டிலிருந்து இரண்டாம் ஆண்டுக்குப் போனவர்களைக் கணக்கிடும் தக்கவைப்பு விகிதத்தில் அவர் வெற்றியாகவே தெரிவார். பட்டமளிப்பு விழாவில்தான் அவர் இல்லாதது தெரியவரும்.

அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி எட்டுப் பருவங்கள் கொண்ட பொறியியல் படிப்பை அதிகபட்சம் பதினான்கு பருவங்களுக்குள், அதாவது ஏழாண்டுகளுக்குள், முடிக்கவேண்டும். அந்த அவகாசமும் முடிந்துபோனவர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அளித்துவந்திருக்கிறது; 2021இல் அறிவிக்கப்பட்ட வாய்ப்பு இருபதாண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களுக்கும் பொருந்தியது. அப்படி ஓர் அறிவிப்புக்குத் தேவை இருந்தது என்பதே, எந்த இடைநிற்றல் பட்டியலிலும் பெயரில்லாத ஒரு பெரிய கூட்டம் பட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. வேலைக்கான நேர்காணலில் இவர்களின் நிலை, இரண்டாம் ஆண்டிலேயே விலகியவரின் நிலையைவிடப் பெரிதாக மேம்பட்டதல்ல.

பதிவேட்டில் மறைந்திருக்கும் இன்னொரு வகையினரும் உண்டு. வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்ட மாணவர், முறைப்படி விலகல் கடிதம் கொடுத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் வரை கல்லூரியின் கணக்கில் மாணவராகவே இருப்பார். கடிதம் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் ஒரு சிறு நடைமுறைச் செலவு போக முழுக் கட்டணத்தையும் திருப்பித்தரவேண்டும். அதன்பிறகு அது படிப்படியாகக் குறைந்து, கடைசி நாள் முடிந்து 30 நாட்கள் கடந்துவிட்டால் எதுவும் திரும்ப வராது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. விலகும் மாணவரிடம் மீதி ஆண்டுகளுக்கான கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுமமும் கூறியிருக்கிறது. இந்த விதிகள் இருப்பதை அறியாத குடும்பங்கள், மீதிக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்று சொல்லப்பட்டதும், அப்படியே திரும்பிவிடுகின்றன. மாணவர் வேறு கல்லூரியில் சேரவும் முடியாமல், பழைய கல்லூரிக்குப் போகவும் முடியாமல் ஓர் ஆண்டு, இரண்டாண்டு கடந்துவிடும். அதுவரை ஆண்டறிக்கையில் அவர் படித்துக்கொண்டிருப்பார்.

வாசகரே கணக்கிட்டுப் பார்க்கலாம்

மாநில அளவில் நிறைவு விகிதம் வெளியிடப்படாவிட்டாலும், கல்லூரி அளவில் அதைக் கணக்கிடத் தேவையான எண்கள் பொதுவெளியிலேயே இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. என்ஐஆர்எஃப் எனப்படும் தேசியத் தரவரிசையில் பங்குபெறும் ஒவ்வொரு கல்லூரியும் தான் அளித்த தரவைத் தன் இணையதளத்திலும் வெளியிடவேண்டும். அதில் வேலைவாய்ப்பும் சம்பளத்தின் இடைநிலை அளவும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) இருக்கும் அட்டவணையைத்தான் பெற்றோர் பார்க்கிறார்கள். அதே அட்டவணையின் இடப்பக்கத்தில் மூன்று விவரங்கள் இருக்கின்றன: குறிப்பிட்ட ஆண்டில் முதலாண்டில் சேர்ந்தவர்கள், அடுத்த ஆண்டில் பட்டயப் படிப்பு முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்துக்குள் பட்டம் பெற்றவர்கள்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பொறியியல் கல்லூரியில் 2020-21இல் முதலாண்டில் 110 பேர் சேர்ந்தார்கள். 2021-22இல் நேரடி இரண்டாம் ஆண்டில் 10 பேர் சேர்ந்தார்கள். 2023-24இல் உரிய காலத்தில் 78 பேர் பட்டம் பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். 78ஐ 110ஆல் வகுத்தால் 71 விழுக்காடு வரும். ஆனால் பட்டம் பெற்றவர்களுக்குள் நேரடியாகச் சேர்ந்தவர்களும் இருப்பதால் 120ஆல் வகுப்பதே முறை. அப்போது 65 விழுக்காடு. சேர்ந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நான்காண்டில் பட்டம் பெறவில்லை. '90 விழுக்காடு வேலைவாய்ப்பு' என்ற விளம்பரம் அந்த 78 பேரை மட்டுமே, பல நேரங்களில் அவர்களிலும் வளாகத் தேர்வுக்குப் பதிவுசெய்தவர்களை மட்டுமே, அடிப்படையாகக் கொண்டிருக்கும். தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளில் இன்னும் நுணுக்கமான கணக்கு கிடைக்கும். எந்தப் பருவத்திலும் அரியர் இல்லாமல் முடித்தவர்களையும், அரியர் வைத்திருந்தும் உரிய காலத்துக்குள் முடித்தவர்களையும் அந்த வாரியத்தின் தன்மதிப்பீட்டு அறிக்கை தனித்தனியே கேட்கிறது.

இந்தத் தரவு கல்லூரிகளே அளிப்பது. தரவரிசையில் கலந்துகொள்ளாத சிறு கல்லூரிகள் இதற்குள் வருவதில்லை, இடைநிற்றல் மிகுதியாக இருக்க வாய்ப்புள்ளவை பெரும்பாலும் அவைதாம். ஆனாலும் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் ஒரு குடும்பத்துக்கு, அந்தச் சம்பள அளவைவிட இந்த 65 விழுக்காடு அதிகம் சொல்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஏன் விலகுகிறார்கள்?

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கோட்பாடு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் முன்வைத்தது. தற்கொலை பற்றிப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் செய்த ஆய்விலிருந்து வில்லியம் ஸ்பேடி 1970இல் எடுத்துக்கொண்ட சிந்தனையை டின்டோ விரிவாக்கினார். மாணவர் கல்லூரியின் படிப்பு வாழ்விலும் சமூக வாழ்விலும் எந்த அளவுக்குக் கலந்துவிடுகிறாரோ, அந்த அளவுக்கு விலகும் வாய்ப்பு குறைகிறது என்பது அதன் சாரம். ஊழியர்கள் வேலையை விட்டுப்போவதற்கான காரணங்களை மாதிரியாக வைத்து ஜான் பீன் 1980இல் இன்னொரு விளக்கம் தந்தார். கல்லூரிக்கு வெளியே உள்ள குடும்பம், வேலை, பணம் ஆகியவற்றுக்கு அவர் வழியில் வந்த ஆய்வுகள் அதிக இடம் கொடுத்தன. வில்லியம் டியர்னி 1992இல் டின்டோவைக் கடுமையாக மறுத்தார். சிறுபான்மைச் சமூகத்திலிருந்து வரும் மாணவர் தன் பண்பாட்டை விட்டு ஆதிக்கப் பண்பாட்டுக்குள் கரைந்தால்தான் தேற முடியும் என்று அந்தக் கோட்பாடு சொல்லாமல் சொல்கிறது என்பது அவர் வாதம்.

இந்திய நிலைமைக்கு டியர்னியின் மறுப்பு மிகவும் பொருந்துகிறது. எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆராய்ந்த சுக்தேவ் தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கை, விடுதி, விளையாட்டு, ஆசிரியருடனான தொடர்பு, உள்மதிப்பீடு என்று பல இடங்களில் பாகுபாடு நிலவியதைப் பதிவுசெய்தது. கலந்துபோக மறுத்தது மாணவர் அல்லர். அவரைக் கலக்கவிடாமல் நிறுத்தியது வளாகம். 13,626 என்ற எண்ணின் பின்னால் இது இல்லை என்று சொல்ல எவருக்கும் முகாந்திரம் இல்லை. எந்த அளவுக்கு இருக்கிறது என்று சொல்லத்தான் தரவு தேவை.

தமிழ்நாட்டின் அரசு, உதவிபெறும், சுயநிதிக் கல்லூரிகளில் விலகலுக்கு இட்டுச்செல்லும் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வேலைசெய்கின்றன.

1. பயிற்றுமொழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர் முதல் பருவத்திலேயே கணிதத்தையும் இயற்பியலையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். பாடம் புரிந்தாலும் விடையை எழுத முடியாத நிலை ஏற்படுகிறது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியில் தொடங்கியும், வேலைச்சந்தை பற்றிய அச்சத்தால் அது ஒரு சிறிய மாற்றுவழியாகவே நின்றுவிட்டது.

2. அரியர் குவிதல். முதல் பருவத்தில் விழுந்த கணிதத் தாள் அடுத்த பருவங்களின் தாள்களுக்கு அடிப்படை. ஆறாம் பருவத்தில் அந்தப் பருவத்துத் தாள்களோடு பழைய ஐந்தாறு தாள்களையும் எழுதவேண்டிய மாணவருக்குக் கல்லூரிக்கு வருவதே சுமையாகிவிடுகிறது. வருகைப்பதிவு குறைகிறது, வருகைப்பதிவு குறைந்ததால் தேர்வெழுத அனுமதி கிடைப்பதில்லை.

3. பணம் வரும் நேரம். கட்டணம் கட்டவேண்டியது கல்வியாண்டின் தொடக்கத்தில். உதவித்தொகை வந்துசேர்வது பல மாதங்கள் கழித்து. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையில் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. அது வரும்வரை கல்லூரிக்கு யார் பதில்சொல்வது என்ற சிக்கல் மாணவர் தலையில் விழுகிறது. 2024இல் 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாததால் தன்பாத் ஐஐடியில் இடத்தை இழந்த ஒரு தலித் மாணவருக்கு உச்ச நீதிமன்றம், முழு நீதி வழங்கத் தனக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி அந்த இடத்தை மீட்டுத் தந்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றதால் செய்தியானார்.

4. குடும்பத்தின் தேவை. தந்தையின் உடல்நலக் குறைவு, தங்கையின் படிப்பு, பெண்ணாக இருந்தால் திருமணப் பேச்சு. இவற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

பலன் தந்தவை

இடைநிற்றலைக் குறைக்க உலகெங்கும் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன; நம்பகமான ஆய்வில் தேறியவை மிகச் சிலவே. அவற்றில் ஒன்று நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல், ஈராண்டுப் பட்டம் தரும் தன் சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கிய ஏஎஸ்ஏபி திட்டம். குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், திட்டத்துக்குள் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றனர். வெளியே இருந்தவர்களில் 22 விழுக்காட்டினர் பெற்றனர். கட்டணத்தில் உதவி கிடைத்தபின் எஞ்சும் தொகையைத் தள்ளுபடிசெய்தார்கள், பாடப்புத்தகம் கொடுத்தார்கள், நகரப் போக்குவரத்துக்கான இலவசப் பயண அட்டை கொடுத்தார்கள். இவற்றோடு, வழக்கமாக 600 மாணவர்களுக்கு மேல் கவனிக்கும் ஆலோசகருக்குப் பதிலாக 60 முதல் 80 மாணவர்களை மட்டும் கவனிக்கும் ஆலோசகர் ஒருவரை நியமித்தார்கள்; மாணவர் அவரைத் தவறாமல் சந்தித்தாகவேண்டும், சந்தித்தால்தான் பயண அட்டை புதுப்பிக்கப்படும். ஒரு மாணவருக்கான செலவு கூடியது. ஆனால் முடித்தவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானதால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது.

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் வேறு வழியில் சென்றது. 2003இல் அதன் ஆறாண்டு நிறைவு விகிதம் 32 விழுக்காடு. கடைசிக் கட்டத்தை நெருங்கிய மாணவர்கள்கூடச் சில நூறு டாலர் நிலுவைக்காகப் பெயர் நீக்கப்படுவதைக் கண்டு, அவர்கள் விண்ணப்பிக்கக் காத்திராமல் அந்தச் சிறு தொகையைப் பல்கலைக்கழகமே அவர்கள் கணக்கில் செலுத்தத் தொடங்கியது. மதிப்பெண், பாடத் தேர்வு போன்ற நூற்றுக்கணக்கான குறிகளை அன்றாடம் கவனித்து, தடுமாறும் மாணவரை ஆலோசகர் அழைத்துப் பேசும் முறையும் 2012இல் வந்தது. பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நிறைவு விகிதம் 50 விழுக்காட்டைத் தாண்டியது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலிருந்த இடைவெளியும் மறைந்தது.

இந்த வெளிச்சத்தில் தமிழ்நாட்டின் திட்டங்களைப் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. இவை ஒரே தடவையில் தரப்படும் தொகையாக இல்லாமல், படிப்பு தொடரும் வரை மாதந்தோறும் தரப்படுவது நல்ல வடிவமைப்பு. அது சேர்க்கையைவிடத் தொடர்ச்சிக்கே வலுவூட்டுகிறது. ஆனால் தொகையின் எல்லையையும் உணரவேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான 2025-26 ஊதியம் நாளொன்றுக்கு 336 ரூபாய். ஆயிரம் ரூபாய் என்பது மூன்று நாள் ஊதியம். பேருந்துச் செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் நகல் எடுக்கவும் அது போதும். வேலைக்குப் போகவேண்டிய நெருக்கடியில் இருக்கும் மாணவரைக் கல்லூரியில் நிறுத்திவைக்க அது மட்டும் போதாது. முதல் பருவக் கணித அரியரை அது தொடுவதே இல்லை. நியூயார்க்கில் பயண அட்டையோடு ஆலோசகரும் இருந்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். நம் கல்லூரிகளில் வழிகாட்டி ஆசிரியர் முறை காகிதத்தில் இருக்கிறது, மதிப்பீட்டுக் குழு வரும்போது கோப்புகள் அழகாக அடுக்கப்படுகின்றன. கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகளில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து உயர்கல்விக்குச் செல்லாதவர்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்க்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்களைத் தமிழ்நாடு அரசு நடத்துகிறது. கல்லூரிக்குள் வந்தபின் காணாமல் போகிறவர்களுக்காகவும் அதே தேடல் நடந்தால் செலவு அதிகமாகாது. பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் பள்ளிக் கல்வித் தரவுத்தளமான எமிஸின் எண் இருக்கிறது. கல்லூரி மாணவர்களின் விவரம் அதைப்போன்ற உயர்கல்வித் தரவுத்தளமான யுமிஸில் பதிவாகிறது. இரண்டையும் இணைத்தால், 2022இல் புதுமைப்பெண் பெறத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் 2025இல் பட்டம் பெற்றார்கள் என்பதை மாவட்டம், பாடப்பிரிவு, பயிற்றுமொழி வாரியாகச் சொல்லிவிட முடியும்.

வெளியேறும் வாசல்

இவ்வளவும் ஒருபுறமிருக்க, இடைநிற்றல் என்பதன் வரையறையையே தேசியக் கல்விக் கொள்கை 2020 மாற்றியிருக்கிறது. அதன்படி இளநிலைப் படிப்பில் ஓராண்டு முடித்து வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டு முடித்தால் பட்டயம், மூன்றாண்டு முடித்தால் பட்டம், நான்காண்டு முடித்தால் சிறப்புப் பட்டம் (ஹானர்ஸ்). ஓராண்டிலோ ஈராண்டிலோ வெளியேறுபவர் தொழிற்பயிற்சி சார்ந்த கூடுதல் பாடம் ஒன்றை முடித்திருக்கவேண்டும். மூன்றாண்டுகளுக்குள் திரும்பிவரலாம், மொத்தம் ஏழாண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்கலாம் என்கிறது மானியக் குழுவின் பாடத்திட்டக் கட்டமைப்பு. பெற்ற மதிப்பளவுகள் (கிரெடிட்) கல்வி மதிப்பளவு வங்கி என்ற இணையப் பதிவில் சேர்ந்திருக்கும்.

ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டாண்டு படித்துவிட்டு வெறுங்கையோடு போவதைவிட ஒரு பட்டயத்தோடு போவது மேல். திரும்பிவரக் கதவு திறந்திருப்பதும் மேல். எதிர்ப்போரின் கவலையும் பொய்யல்ல. வெளியேற ஒரு கௌரவமான வாசல் இருந்தால், நெருக்கடியில் இருக்கும் குடும்பமும், மாணவரைத் தேற்ற முயற்சி எடுக்க விரும்பாத கல்லூரியும் அந்த வாசலையே காட்டும். ஓராண்டுச் சான்றிதழுக்கு வேலைச்சந்தையில் என்ன மதிப்பு என்பதைப் பொறுத்தே இது உதவியா ஏமாற்றா என்பது முடிவாகும்.

புள்ளிவிவரத்தைப் படிப்பவருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் காத்திருக்கிறது. முதலாண்டு முடிவில் விலகிய மாணவர் நேற்றுவரை இடைநின்றவர். இனிச் சான்றிதழ் படிப்பை முடித்தவர். தேர்ச்சிபெற்று வெளியேறியோர் பட்டியலில் அவர் சேர்ந்தால், ஒரு மாணவர்கூடக் கூடுதலாகப் பட்டம் பெறாமலேயே நிறைவு விகிதம் உயர்ந்துவிடும். எனவே இனி வரும் அறிக்கைகளில் நிறைவு பற்றிய எண் எதைக் கண்டாலும், அது மாணவர் சேரும்போது நாடிய பட்டத்தைப் பெற்றவர்களின் எண்ணிக்கையா, ஏதோ ஒரு சான்றிதழோடு வெளியேறியவர்களின் எண்ணிக்கையா, வெளியேறியவர்களில் மூன்றாண்டுகளுக்குள் திரும்பிவந்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றையும் தனித்தனியே கேட்கவேண்டியிருக்கும்.